வெறும் சிவப்பு

ஏழாவது முறையும் மிஷினுக்குள் போய் வெளியே வந்து விழுந்த அந்தத் தாளில் காலண்டர் லட்சுமியின் முகத்துக்கு மேல் பேபி பவுடர் டப்பா, டப்பாவுக்கு மேல் யாரோ ஒரு மணமகனின் பெயர், பெயருக்கு மேல் தீப்பெட்டிச் சேவலின் கொண்டை, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வலது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு எதுவுமே இல்லாமல் போயிருக்கிறது, இல்லாமல் என்றால் வெள்ளையாக அல்ல, நீலமும் இல்லை பச்சையும் இல்லை, பெயர் வைக்க முடியாத ஓர் இருட்டு, அதன் அடியிலிருந்து ஆரஞ்சு கசிகிறது, நான் தாள் எண்ணுவதை விட்டுவிட்டு நிற்கிறேன், சிவகாசியில் எந்த அச்சகத்திலும் நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க முதலில் இப்படிப்பட்ட வேஸ்ட் தாளைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள், பிறகு கட்டிப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடுவார்கள், பதினாறு வருஷமாக நானும் கட்டிப் போட்டவள்தான், அன்றைக்கு மட்டும் கை வரவில்லை, மிஷின் ஓட்டுகிற அய்யாத்துரை, என்னக்கா அதுல அப்படி என்ன இருக்கு என்றான், ஒண்ணுமில்லப்பா என்றேன், அது பொய்யில்லை, அந்த ஒண்ணுமில்லாததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஊரில் எதுவும் சும்மா இருக்க முடியாது, அச்சில் ஏறுகிற ஒவ்வொரு புள்ளியும் ஏதாவது ஒன்றாக ஆகியே தீர வேண்டும், சோப்பு, சாமி, தலைவர், கொழுகொழு குழந்தை, அந்த ஒரு மூலை மட்டும் எதுவாகவும் ஆகமாட்டேன் என்று முரண்டு பிடித்து நின்றது, அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன், அப்புறம் டின்னின் அடியில் ஒட்டிக்கிடக்கும் இங்க்கைச் சுரண்டி எடுத்துப் போவது வழக்கமாயிற்று, மிஞ்சிய பெட்டி அட்டை, வளைந்துபோன ஒரு இங்க் கத்தி, ஞாயிற்றுக்கிழமை மதியங்கள், மாடிப்படிக்கு அடியில் ஒரு ஆள் உட்காரும் இடம், யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, ஒரு நிறத்தைக் கத்தியால் இழுத்துப் பூசுவேன், பாதி காயும்வரை காத்திருப்பேன், அதன் மேல் இன்னொன்று, பிறகு சுரண்டுவேன், சுரண்டும்போது அடியில் இருப்பது தானாக மேலே வரும், எது வரும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துவிட்டால் பூச மாட்டேன், சில நாள் ஒரு பறவை மாதிரி ஏதோ எட்டிப்பார்க்கும், உடனே எனக்கு ஆத்திரம் வரும், பறவையை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன், லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் வாரத்துக்கு ஒருநாள் வருவார், குனிந்து பார்த்து, இது என்ன மலையா என்பார், அவர் மலை என்று விரல் நீட்டிய இடத்தை அவர் கிளம்பிய பிறகு முழுசாகச் சுரண்டி எடுத்துவிடுவேன், எனக்கு வேண்டியது மலை அல்ல, அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

சிவப்புப் படம் எப்படி வந்தது என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்த மாதிரி பேசுகிறார்கள், எனக்குத்தான் தெரியும், தேர்தல் போஸ்டர் ஓட்டி முடித்த பிறகு ஏழெட்டு டின்னில் சிவப்பு மிஞ்சியது, அவ்வளவுதான், வேறு நிறம் கையில் இல்லை, சிவப்பின் மேல் சிவப்பையே பூசினால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை, ஐப்பசி மழையில் பதினொரு நாளாகியும் காயவில்லை, காயாத நிறத்தைச் சுரண்டினால் அது கிழிவதில்லை, இழுபட்டு இழுபட்டு நடுவில் தடித்துப்போய் ஓரங்களில் மூச்சு வாங்குகிறது, அதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்த ஒரு மதியம் நான் யாரையும் நினைக்கவில்லை, எந்தச் சாவையும் நினைக்கவில்லை, சந்தோஷமாக இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம், மாடிப்படி ஒழுகியதால் அச்சகத்துக் குடோனில் கொண்டுபோய்ச் சாத்திவைத்தேன், அங்கேதான் ரகுநந்தன் அதைப் பார்த்தார்.

சென்னையில் ஓவியக் காட்சிக்கூடம் வைத்திருப்பவர், தன் கூடத்துக்கு ஒரு புத்தகம் அச்சடிக்க வந்தவர், நிறம் பார்க்கக் காத்திருந்த நேரத்தில் குடோன் பக்கம் நடந்து அந்த அட்டையின் முன்னால் நின்றுவிட்டார், கால்மணி நேரம், நான் கட்டுப்போட்ட தாள்களுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், என் படத்தின் முன்னால் ஒரு ஆள் ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்று நான் பார்த்ததில்லை, யார் பண்ணினது என்று கேட்டார், நான்தான் என்றேன், என் கையைப் பார்த்தார், நகக்கண்ணில் இருந்த சிவப்பைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தி, உங்க வீட்ல யாராவது பட்டாசு ஆலை விபத்துல போயிட்டாங்களா அம்மா என்றார், எங்க வீட்ல இல்லங்க, பக்கத்து வீட்டுக் குருவம்மா மக முனீஸ்வரி, மூணு வருஷம் ஆச்சு, பத்தொம்பது வயசு என்றேன், அவர் கண்ணை மூடிக்கொண்டார், அந்த வலிதான் இதுல இருக்கு, எனக்குத் தெரியுது என்றார், இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, டின் மிஞ்சியது ஐயா என்று சொல்ல ஒரு மூச்சு போதும், நான் சொல்லவில்லை, சொன்னால் அவர் நகர்ந்துவிடுவாரோ என்று பயந்தேன், தலையைக்கூட லேசாக ஆட்டினேன் என்று நினைக்கிறேன், இல்லை, ஆட்டினேன், நினைப்பதென்ன, ஆட்டினேன்.

தன் கூடத்தில் மாட்டிவைக்கிறேன் என்று ரகுநந்தன் படத்தைக் கூடவே கொண்டுபோனார், இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் குருவம்மா செய்தித்தாளோடு என் வீட்டு வாசலில் நிற்கிறாள், அவள் படிக்கத் தெரியாதவள், டீக்கடையில் யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள், அதில் என் சிவப்புப் படம், கீழே அதன் பெயர், நான் எந்தப் படத்துக்கும் பெயர் வைத்தவளில்லை, முனீஸ்வரி என்று போட்டிருக்கிறது, வெடிவிபத்தில் கருகிய ஒரு பெண்ணுக்காக அச்சகத் தொழிலாளி வடித்த ரத்தக் கண்ணீர் என்று போட்டிருக்கிறது, குருவம்மா அழவில்லை, கத்தவில்லை, தாளை என் முன்னால் விரித்து அந்தச் சிவப்பின் மேல் விரலை வைத்தாள், யக்கா, இதுல எம்மக எங்க இருக்கா என்றாள், எனக்குக் காட்டு, கண்ணு எது, கையி எது, நானே அவ மொகத்தப் பாக்கல, மூடித்தான் குடுத்தாக, நீ எங்க பாத்த, எனக்குக் காட்டுக்கா. விரல் தாளின் மேல் நகர்ந்து நகர்ந்து தேடுகிறது, எட்டிப்பார்த்த ஒவ்வொரு உருவத்தையும் சுரண்டி எறிந்த கை என்னுடையது, அந்தக் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றேன், அவள் தாளை மடித்தாள், நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள், மகள் பெயர் அதில் இருக்கிறதே, கீழே போட முடியுமா.

அன்றைக்கே சென்னைக்குப் பஸ் ஏறினேன், விருதுநகர் தாண்டியும் மதுரை தாண்டியும் எனக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது, ரகுநந்தன் மேல் கொதித்தது, பேப்பர்க்காரன் மேல் கொதித்தது, திரும்பித் திரும்பி என் தலையாட்டல் மேலேயே வந்து நின்றது. காட்சிக்கூடத்தில் வெள்ளைச் சுவர், குளிர், என் படத்துக்கு மட்டும் தனி விளக்கு, அதன் முன்னால் இரண்டு பெண்கள் கோயிலில் நிற்பதுபோல நிற்கிறார்கள், ஒருத்தி கண்ணைத் துடைக்கிறாள், எதைப் பார்த்து அழுகிறாள், பக்கத்தில் முனீஸ்வரி கதையை எழுதி ஒட்டியிருக்கும் அட்டையைப் படித்துவிட்டு அழுகிறாள், படத்தை அவள் பார்க்கவே இல்லை. நான் நேராகப் போய் அட்டையைப் பிய்த்தேன், ரகுநந்தன் ஓடிவந்தார், அம்மா, அம்மா, என்ன பண்றீங்க, அந்தப் படத்தை ஒருத்தர் எடுத்துக்கிட்டாரு, விலை பேசி முடிச்சாச்சு. அந்தப் புள்ளய எதுக்கு இதுல கொண்டாந்து போட்டீக என்றேன். நீங்கதானே சொன்னீங்க. அவ செத்தான்னு சொன்னேன், இதுல இருக்கான்னு நாஞ் சொல்லல. அவர் சுற்றிலும் பார்த்துக் குரலை இறக்கினார், கொஞ்சம் யோசிங்க, அந்தக் கதையை எடுத்துட்டா இது என்னங்க, வெறும் சிவப்பு. ஆமா, வெறும் செவப்புதான் என்றேன், அந்த வெள்ளைச் சுவரில் என் குரல் மோதித் திரும்பி வந்தது, வெறும் செவப்புதான், பதினோரு நாளு காயாத செவப்பு, அத பாக்கத் தெரிஞ்சா பாருங்க, இல்லன்னா வெளக்க அணைங்க. அவர் தடுக்கத் தடுக்கப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன், காவலாளி வந்தான், என் முகத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டான், இனிமே எந்தக் கூடமும் உங்க படத்தைத் தொடாது என்று ரகுநந்தன் பின்னாலிருந்து சொன்னார், அது உண்மையாகவே ஆயிற்று, இன்றுவரை யாரும் தொடவில்லை.

ஊர் வந்து சேர்ந்தபோது காலை எட்டு மணி, வீட்டுக்குப் போகாமல் குருவம்மா வீட்டுக்குப் போனேன், அவள் முற்றத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருக்கிறாள், சுற்றிக் கொண்டுவந்த போர்வையைப் பிரித்துப் படத்தைச் சுவரோரம் நிறுத்தினேன், பாத்துக்க குருவம்மா, இதுல ஒம்மக இல்ல, அந்தாளு கேட்டப்ப இல்லன்னு சொல்லாம தலைய ஆட்டிட்டேன், அதான் நா செஞ்சது. அவள் சாம்பல் கையோடு எழுந்து வந்தாள், பக்கத்தில் வந்து பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள், மேலே, கீழே, ஓரங்களில், அந்தக் கூடத்தில் யாரும் அப்படிப் பார்க்கவில்லை, வெயில் ஏறும்வரை பார்த்துவிட்டு, ஆமா, இல்ல என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, அவள் படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து அடுத்த பாத்திரத்தை எடுத்தாள், விளக்கிக்கொண்டே பேச ஆரம்பித்தாள், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, முனீஸ்வரி எப்படிச் சிரிப்பாள், எதற்குச் சண்டை போடுவாள், கடைசி நாள் காலையில் வாசலில் நின்று என்ன கேட்டாள், எல்லாம், நான் கீழே உட்கார்ந்து கேட்டேன், கேட்கக் கேட்கக் கோபம் தணியும் என்று நினைத்தேன், தணியவில்லை, கூடியது, இவ்வளவையும் தெரிந்துகொள்ளாமலா மூன்று வருஷம் பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். எழுந்தபோது குருவம்மா, யக்கா, நா சொன்ன இத எந்தப் படத்துலயும் கொண்டுபோய்ப் போட்டுராத என்றாள். போடவில்லை, அவள் சொன்னதில் ஒரு நிறம் இருந்தது, அது எந்த டின்னில் கிடைக்கும் என்றும் எனக்குத் தெரியும், அந்த டின்னை மட்டும் இன்றுவரை நான் திறக்கவில்லை.