ஒயர் இல்லாமல் ஓர் அரைமணி

வீட்டில் எல்லாருக்கும் நான் பல்பு. வயது இருபத்து மூன்று. இப்போது இருப்பது தொழிற்சாலை விடுதியில் துணி காயப்போடும் அறை. கவிழ்த்துப்போட்ட ஒரு வாளியின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். கையால் எழுதினால் பாதியிலேயே அழித்துவிடுவேன். அதனால் வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. படுக்கும் அறையில் இருந்து சொன்னால் “யாருடா அந்தப் பொண்ணு?” என்று கூட இருப்பவர்கள் உயிரை எடுப்பார்கள். குடும்ப குரூப்பில் அத்தை நேற்றுப் போட்ட குரல் பதிவை நாலு தடவை கேட்டேன். “கம்பியே இல்லாம கரண்டு வருமாம், அதுல என் தம்பி நெஞ்சு ஓடுமாம். பல்பு சொல்லிட்டானாம், இவனும் தலையாட்டுறான்.” அத்தையின் கோபம் நியாயம்தான். அவருக்குப் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அப்பா டாக்டருக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால், இந்தத் தடவை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பாவின் இதயம் தளர்ந்துபோனபோது, அதோடு சேர்த்து ஒரு சின்ன பம்ப் வைத்தார்கள். பம்ப் என்றால் கரண்ட் வேண்டும். அதற்கான ஒயர், தொப்புளுக்கு நாலு விரல் தள்ளி, வயிற்றைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. பேட்டரிகள் இடுப்புப் பையில் இருக்கின்றன. முப்பது வருடம் எலக்ட்ரீஷியனாக ஊரார் வீட்டுக்கெல்லாம் ஒயர் இழுத்த மனிதர். “சுவத்துக்குள்ள விட்டது போதாதுன்னு எனக்குள்ளயே விட்டுட்டானுங்க” என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். முதல் மாதமே அதைத் தன்னுடைய கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒட்டிக்கொண்டு போய் நர்ஸிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பம்ப் இன்றுவரை ஒரு குறை வைத்ததில்லை. தொல்லையெல்லாம் ஒயர் வெளியே வருகிற அந்த ஓட்டையில்தான். மூன்று முறை சீழ் பிடித்துவிட்டது. மூன்றாவது முறை ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு தடவை வந்து, அது உள்ளே இறங்கினால் பம்ப் வரைக்கும் போய்விடும் என்று டாக்டர், என் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்போதுதான் ஒயர் இல்லாத புதுமுறையைப் பற்றிய பேச்சும் வந்தது.

அதில் உள்ளே போகிற சுருளைத்தான் நாங்கள் செய்கிறோம். தற்செயல் இல்லை. இப்படி ஒன்று வரப்போகிறது என்று படித்துவிட்டுத் தேடிப்பிடித்துச் சேர்ந்த வேலை இது. ஒரு சுருள் தோலுக்கு அடியில் இருக்கும். அதற்கு நேர்மேலே, தோலின் மேல், உள்ளங்கை அகல வளையம் ஒன்றை ஒட்டிக்கொள்ள வேண்டும். இடுப்புப் பை பேட்டரியிலிருந்து வளையத்தில் கரண்ட் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தம் துடிக்கும். அந்தத் துடிப்பைப் பிடித்து உள்ளே இருக்கும் சுருள் மறுபடி கரண்டாக்கிவிடும். நடுவில் தோல் அப்படியே கிடக்கும். ஓட்டை இல்லை, அதனால் சீழ் உள்ளே போக வழியும் இல்லை. தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பிகளை நூற்றுக்கணக்கில் திரித்துக் கயிறாக்கி, அந்தக் கயிற்றைத்தான் சுற்றுகிறார்கள். என் வேலை லென்ஸ் வழியாகப் பார்த்துச் சரி, சரியில்லை என்று பிரிப்பது. ஒரு இழை அறுந்திருந்தாலும் தள்ளிவிடுவேன். நான் சரி என்று வைத்ததை, சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்பேன்.

சோதனை மேசையில் இருக்கும் அம்மாளுக்கு நம் மொழி தெரியாது. ‘அக்கா’ என்று நான் கூப்பிடுவதைத் தன் பதவியின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சேர்ந்த வாரம் அவர் ஒரு வேலை செய்தார். வளையத்தை மேசையில் வைத்தார். அதன் மேல் உப்புநீர் ஊறிய ஜெல் பட்டை ஒன்று, சதைக்குப் பதிலாக. அதற்கும் மேலே, ஒரு சின்ன பல்போடு சேர்த்த சுருளைப் பிடித்தார். பல்பு எரிந்தது. எதோடும் எதுவும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. என் கையைப் பிடித்து இடைவெளிக்குள் விட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்றுமே தெரியவில்லை, காற்றுப் பட்டது போலக்கூட இல்லை. என் எலும்பையும் ரத்தத்தையும் தாண்டி ஏதோ ஒன்று போய்க்கொண்டிருந்தது. பல்பு ஒரு சிமிட்டல்கூடச் சிமிட்டவில்லை. அன்றைக்கு முழுவதும் அந்தக் கையை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, வீடியோ காலில் அப்பாவுக்கு அதையே செய்து காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனுக்குள் முகத்தை நுழைத்துப் பார்த்தார். பல்பு எரிந்ததும் வாயைப் பிளந்தார். அது ஒரு நிமிடம்தான். உடனே தொழில் புத்தி வந்துவிட்டது.

“இதுல கோளாறு வந்தா எதைப் புடிச்சிக்கிட்டுப் போய்த் தேடுறது? ஒயருன்னா ஒரு முனையில ஆரம்பிச்சு இன்னொரு முனைக்குப் போவேன். இங்க காத்தையா தடவிப் பாக்குறது?”

“கோளாறு வராதுப்பா.”

“டேய், வராதுன்னு சொல்றவன்கிட்ட நான் சுவிட்சுகூட வாங்க மாட்டேன். நடுவுல உன் ரூம் சாவியை வை.”

அது ஆகாது என்று எனக்குத் தெரியும். நடுவில் இரும்பு வந்தால் சுருளுக்குப் போக வேண்டியதை அது தின்று சூடாகும். இதைத்தான் உங்களிடம் சொல்லாமல் விட்டிருந்தேன். வளையம் ஒரு விரல் அகலம் நகர்ந்தாலும் வரவேண்டிய கரண்ட் குறையும், வழியிலேயே வீணாகித் தோலைச் சுடும். இதையெல்லாம் சொன்னால் அப்பா வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயந்தேன். இப்போது அவரே கேட்கிறார். வைத்தேன். வளையம் கீச்சென்று கத்தியது, பல்பு அணைந்தது. சாவியை எடுத்தேன்.

“எவ்ளோ சூடு? உள்ளதைச் சொல்லு.”

“வெதுவெதுன்னு இருக்குப்பா. கையில வச்சிக்கலாம்.”

அப்பா பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். நான் முடிந்தது என்று நினைத்தேன். அவரோ, பல்பு எரிந்தபோதுகூடச் சிரிக்காத சிரிப்பைச் சிரித்தார். “தப்புன்னு தெரிஞ்சதும் தானா நிறுத்திக்குதுல்ல? எனக்கு அது போதும். எரியுறது பெரிசில்லடா. அணையத் தெரியணும்.” பிறகு மெதுவாகக் கேட்டார். “அது சரி, அது அணைஞ்சா நான்?”

உள்ளேயே ஒரு சின்ன பேட்டரியும் வைப்பார்கள், அது அரைமணி தாங்கும், வளையத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கக்கூடச் செய்யலாம் என்றேன். இரண்டு வருடமாக அம்மா ஈரத்துணியால் துடைத்துவிடுகிற உடம்பு அது.

“அரைமணியா?” என்றார். “குளிக்கப் பத்து நிமிஷம். மிச்சம் இருபது நிமிஷம் சும்மா நிப்பேன், தண்ணிக்கு அடியில.”

அத்தை, அவர் தலையாட்டியது இதற்குத்தான். பல்பு சொன்னதற்காக அல்ல.

மிச்சம் இருப்பது ஒரே ஒரு கேள்வி. டாக்டர் கொடுத்த தாளில் கடைசி வரியில் இருக்கிறது. சுருளை எந்தப் பக்கம் வைப்பது, இடதா வலதா? படுக்கிற பக்கத்தில் வைத்தால் தூக்கத்தில் வளையம் நசுங்கும், நகரும், சூடேறும். உள்ளே இருக்கும் பேட்டரியும் தீர ஆரம்பிக்கும். சத்தம் போட்டு எழுப்பும்தான். ஆனால் ஒவ்வொரு ராத்திரியுமா? “இடதுன்னு எழுதிக்கோ, அந்தப் பக்கம் நான் படுக்கிறதே இல்ல” என்றார் அப்பா. அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “பொய்யி. எப்பவும் இடது பக்கமாத்தான் சுருண்டு கிடப்பாரு.” “நீ முதல்ல தூங்கிடுவ, உனக்கென்னடி தெரியும்?” “உங்க குறட்டையில எவ தூங்குனா?” பத்து நிமிடம் நடந்தது. ஒயர் வந்ததிலிருந்து அவர் மல்லாந்துதான் படுக்கிறார். இருவர் சொல்வதும் பழைய கணக்கு. தூக்கத்தில் அவரை அறியாமல் உடம்பு எங்கே திரும்புகிறது என்று யாருமே பார்க்கவில்லை. அக்கா என்னிடமும் சைகையில் அதையேதான் கேட்டார். சுருளில் இழை எத்தனை, சுற்று எத்தனை, எத்தனை டிகிரி வரை தாங்கும், எல்லாம் எனக்கு மனப்பாடம். இருபது வருடம் ஒரே அறையில் அவரோடு படுத்து எழுந்தவன், நினைத்து நினைத்துப் பார்த்தும், அவர் தூங்கும் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்கு வரவில்லை.

அத்தையோ, அம்மாவோ, இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் ஒரு உதவி செய்யுங்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணசந்த பிறகு, பேட்டரிப் பையைக் கட்டிலில் ஒயர் இழுபடாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, ஒரு மணிநேரம் பக்கத்தில் உட்காருங்கள். பேச வேண்டாம், எழுப்ப வேண்டாம். அவர் தானாக எந்தப் பக்கம் புரளப் பார்க்கிறார் என்று மட்டும் பார்த்து, எனக்கு ஒரே ஒரு சொல் அனுப்புங்கள்.