பாதைக்கு மூன்று படி

தேவிகுளத்துக்குக் கிழக்கே ஒரு தேயிலை எஸ்டேட்டில், கால் விளங்காதவர்களும் மலைமுனைக்குப் போய்ப் பள்ளத்தாக்கைப் பார்க்கட்டும் என்று துரையம்மா ஒரு பாதை போடச் சொன்னாள். மேடுபள்ளம் இல்லாமல், சிமெண்டு பூசி, அரை மைல்.

அதற்காகச் சங்கையா மூன்று மாதம் காத்துக் கிடந்தான். மரம் விழுந்து இடுப்புக்குக் கீழே செத்துப்போனதிலிருந்து சக்கரம் வைத்த பலகைதான் அவனுக்குக் கால். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தின் முன்னால் கொஞ்சதூரம் தார் ரோடு. மற்ற பக்கமெல்லாம் கல்லும் சேறும். கக்கூசுக்கானாலும் ஆஸ்பத்திரிக்கானாலும் யாராவது அக்குளில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். ஆறு வருடமாக அந்தக் கைகள். பீடி வாடை, வேர்வைப் பிசுபிசுப்பு, "கனக்கியே மாப்ள" என்ற இளிப்பு. ஒரே ஒரு தடவை, எவன் கையும் படாமல் ஓரிடத்துக்குப் போய்விட வேண்டும்.

திறப்பு நாளன்று தார் ரோட்டில் பலகையைத் தள்ளிக்கொண்டு வந்தவன் தோரணத்தடியில் நின்றுவிட்டான். பாதை தொடங்கும் இடத்தில் மூன்று படி. காவியும் சுண்ணாம்பும் பட்டையடித்து, மஞ்சள் தெளித்து, குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்திருந்தது.

"இது என்ன மேஸ்திரி?"

கொத்தனார் வீரபாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை. "படி இல்லாம ஒரு வாசலாடே? ஆட்டுக்கொட்டா மாதிரில்லா இருக்கும். ஒத்தப்படையா மூணு வச்சேன். தொரைகிட்ட நானே கேட்டு வாங்குனது."

"நான் எப்பிடி ஏற?"

"ஒன்ன ஏற விடுவமா? தூக்க ஆளு இருக்குல்லா!"

சூப்பர்வைசர் ஏசுதாஸ் சொடக்குப் போட்டார். அக்குளுக்குள் இரண்டு கைகள் நுழைந்தன. கொழுந்துச் சாக்கை ஏற்றுவதுபோல மேலே வைத்தார்கள். கழுத்தில் செவ்வந்தி மாலை விழுந்தது, அதற்குள் எறும்பு. துரையம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கன்னத்தைத் தட்டினாள். பலகை கீழேயே கிடந்தது. அதை எடுத்துவர ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"சிரிடே, போட்டோ" என்றார் ஏசுதாஸ்.

சங்கையா மாலையைக் கழற்றிப் போட்டான். கையை ஊன்றி, தேங்காய்த் தண்ணீரிலும் குங்குமச் சேற்றிலும் வேட்டி இழுபட, பிட்டத்தால் ஒவ்வொரு படியாக இறங்கினான். தூக்க ஓடிவந்தவனைப் பார்த்து, "தொடாதலே!" என்றான்.

"துரையம்மா பாக்காங்கடே!" ஏசுதாஸ் பல்லைக் கடித்தார்.

"பாக்கட்டும். பாக்கத்தான பாத போட்டாங்க."

பலகையில் ஏறி உட்கார்ந்து, உள்ளங்கையில் ஒட்டியிருந்த தேங்காய்ச் சில்லைத் தட்டிவிட்டு, லயத்தைப் பார்த்துத் தள்ளினான். பின்னால் வீரபாண்டியின் குரல் கேட்டது.

"மால போட்டு மேல வச்சா வேண்டாங்கான். இவனுக்கு அப்பிடி என்னவே கொறச்சல்?"