திருநீறு தேய்த்த கடிகாரம்

பதுளைப் பட்டணத்தில் என் மாமா ஸரூக்கின் கடிகாரக் கடையில் வேலை பார்க்கிறேன். மாலையில் இங்கிலீஷ் வகுப்பு. நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும் என்று அங்கே சொல்லித் தருகிறார்கள். அப்படியே எழுதப் பார்க்கிறேன். எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது.

ஆயுத பூசைக்கு மறுநாள், ஹாலிஎலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. அந்தத் தோட்டத்தை நடத்தும் பெரியதுரை கடிகாரங்கள் சேர்ப்பவர். ஒரு கடிகாரத்தின் முகப்பை யாரோ மாற்றியிருக்கிறார்கள், வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று செய்தி. மாமாவுக்கு மூட்டுவலி. என்னை அனுப்பினார்.

துரை தன் பங்களாவில் ஜன்னலோரம் மேசையில் பச்சைத் துணி விரித்துக் கடிகாரங்களை வைத்திருந்தார். அவருக்கு மூடி தங்கமா வெள்ளியா என்பது பொருட்டில்லை, முகப்புத்தான் முக்கியம். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். பீங்கான் முகப்பு பால்வெள்ளையாக இருந்தது. வெளிச்சம் அதில் வழுக்கிக்கொண்டு போனது. கறுப்பு முகப்பில் வெளிச்சமே ஏறவில்லை. பொன்முலாம் பூசியது நுண்மணல் தூவியதுபோல் சொரசொரத்து, வெளிச்சத்தைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டது. இத்தனை நாள் கடையில் இருந்தும் நான் இப்படிப் பார்த்ததில்லை.

கடைசிக் கடிகாரத்தின் முகப்பு பித்தளை மஞ்சளாக இருந்தது. முன்பு அது வெள்ளி முகப்பு என்றார் துரை. கடிகாரங்களுக்குத் தினமும் சாவி கொடுக்கும் முருகையாதான் அதைக் கழற்றி விற்றுவிட்டு வேறொன்றை மாட்டியிருக்கிறான் என்பது அவர் எண்ணம். நாளைக்கு அவனைப் பொலிஸில் ஒப்படைக்கப் போகிறேன் என்றார்.

முருகையா குசினி வாசலில் நின்றான். வயது நாற்பதிருக்கும். சமையல்காரன் பொன்னையா உள்ளே வெங்காயம் உரித்தபடி, "கடியாரத்துக்கே பட்டை போட்டுட்டியே முருகையா, இனி அது சாமியாடும்" என்றான். முருகையா என் பக்கம் திரும்பினான்.

"நான் எங்கயும் விக்கலைங்க தம்பி," என்றான் என்னிடம். "பூசைக்கு எல்லாரும் கவ்வாத்துக் கத்தி, மம்மட்டின்னு கழுவி வச்சாங்க. எனக்கு ஆயுதம் இதுதானே. மங்கிப் போயிருந்துச்சு. கண்ணாடிய நெம்பித் தொறந்து, வெள்ளிக் கிண்ணத்தத் தேய்க்கிற மாதிரி திருநீறு போட்டுத் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்க மஞ்சளா வந்துச்சு."

உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. வெள்ளி முகப்பு என்பது முழு வெள்ளி அல்ல. பித்தளைமேல் மூச்சுப் பட்டாற்போல் ஏற்றிய வெள்ளிதான். எண்களைக் குடைந்து கருமெழுகு நிரப்பியிருந்ததால் அவை மட்டும் தப்பியிருந்தன. வினாடி முள்ளின் சிறு வட்டம் பள்ளமாக இருந்தது. அதன் ஓரத்தில் விரல் நுழையாத இடத்தில் திருநீறு அடைந்திருந்தது. அதன் கீழே பழைய வெள்ளி கொஞ்சம் மிச்சம் இருந்தது, பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி வெளிறிய நிறத்தில்.

துரையிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பொலிஸ் வேண்டாம் என்றார். ஆனால் கடிகாரம் இருந்தபடி திரும்பி வராவிட்டால் முருகையாவும் அவன் பெண்சாதியும் தோட்டத்தை விட்டுப் போக வேண்டும், துண்டு கிடையாது என்றார். துண்டு என்பது தோட்டம் கொடுக்கும் விடுதலைச் சீட்டு. அது இல்லாதவனை வேறெந்தத் தோட்டமும், காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டில் பேர் கூப்பிடாது.

கடிகாரத்தை வாங்கிக்கொண்டேன். வாசல்வரை முருகையா வந்தான். முன்பு என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டேன்.

"வெள்ளைதான் தம்பி. அழுக்குப் புடிச்ச வெள்ளை."

கடையில் மாமா முகப்பைப் பார்த்தார். "வெள்ளி ஏத்தலாம் மகன். ஆனா சேர்க்கிற ஆள்ட சாமான் இது. முந்தி எப்படி இருந்துச்சுன்னு துரைட வாயாலயே கேட்டுட்டுச் செய்," என்றார்.

கேட்கப் போகவில்லை. போனால் துரை மனம் மாறிப் பொலிஸுக்கே சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். முட்களை எடுத்தேன், முகப்பைக் கழற்றினேன், கழுவினேன். வெள்ளிக் களிம்பும் உப்பும் சேர்த்து ஈரத்துணியால் ஒரே திசையில் வட்டமாகத் தேய்த்தேன். பள்ளத்தில் மிஞ்சியிருந்த பழைய நிறம் அழுக்காகத் தெரிந்தது. அதையும் சுத்தம் செய்து புது வெள்ளியை ஏற்றினேன். திட்டுத்திட்டாக இல்லாமல் எங்கும் ஒரே சீராகப் படிந்தது. நான் செய்த வேலைகளில் இதைப்போல் எதுவும் நன்றாக வந்ததில்லை.

மறுபடி பங்களாவுக்குப் போனபோது முருகையாவின் பெண்சாதி வேலாயி கொழுந்துக் கூடையோடு பாதையில் காத்திருந்தாள். மூடியைத் திறந்து காட்டச் சொன்னாள். காட்டினேன். "பளபளன்னு இருக்குங்க," என்று சொல்லி, கைகூப்பிவிட்டு மலைக்கு ஏறினாள்.

துரை அதைப் பச்சைத் துணியில் பீங்கான் முகப்புக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு பொன்முலாம் பூசியதற்குப் பக்கத்தில். வெளிச்சத்துக்குச் சாய்த்தார். முருகையா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது புது வெள்ளை," என்றார் துரை தமிழில். "என் வெள்ளை எங்கே?"

பின்பு இங்கிலீஷில் எனக்குச் சொன்னார். அந்த முகப்பு தன் தகப்பனார் காலத்திலிருந்து மெல்ல மெல்லப் பழுத்தது; அந்தப் புகைநிறத்துக்காகவே அதை வைத்திருந்தாராம்; இந்த வெள்ளையில் எந்தக் கடையிலும் ஒன்று வாங்கலாம். அழுக்கு என்று நாங்கள் இரண்டு பேரும் எடுத்ததுதான் அவருடைய சேகரிப்பு. பழுது என்னுடையது, அவனை விட்டுவிடுங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் கடிகாரத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்.

அந்த வார முடிவில் முருகையாவும் வேலாயியும் மூட்டைகளோடு கடை முன்னால் வந்து நின்றார்கள். அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவைப் பூட்டிவிட்டார்களாம். கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் துண்டு கேட்பதில்லை என்று யாரோ சொன்னதால் அங்கே போகிறோம் என்றான் முருகையா. அந்தப் பக்கத்துக் கங்காணிமார் எங்கள் கடைக்கு வருவதால் மாமாவுக்கு அங்குள்ள நிலைமை தெரியும். எல்லாத் தோட்டத்திலும் துண்டு கேட்கிறார்கள் என்று மாமா ஒளிக்காமல் சொன்னார். முருகையா தலையாட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை.

வேலாயி என்னைப் பார்த்தாள். "அத மஞ்சளாவே வுட்டிருந்தா தொரை எங்கள வச்சிருப்பாரா தம்பி?"

தெரியாது என்றேன்.  பிறகு பெரிய மூட்டையைத் தலைக்கு ஏற்ற என்னைக் கை கொடுக்கச் சொன்னாள். ஏற்றிவிட்டேன். பண்டாரவளை ரோட்டில் மழை தொடங்கியிருந்தது. முருகையா முன்னால் நடந்தான்.