சாப்பாட்டுச் சங்கு

அணைக்குக் கீழே உள்ள பாறைகளில் விடுமுறை நாளில் கூட்டம் அலைமோதும். பறவை பார்க்க வருகிறவர்கள் பாதி, செல்ஃபி எடுக்க வருகிறவர்கள் மீதி. ஷட்டர் ஆபரேட்டரின் மச்சினன் மட்டும் மீனுக்காக, தினமும் வருவான். தூண்டிலோடு மணிக்கணக்கில் அசையாமல் நிற்பதால் அவனுக்குக் கொக்கு என்று பெயர். மீன் மிரளும் என்று போனைக்கூட வீட்டில் வைத்துவிட்டு வருகிற ஆள்.

தண்ணீர் திறக்கும் முன் சங்கு ஊத வேண்டும். சங்கு வேலை செய்கிறதா என்று வாரம் ஒருமுறை ஊதிப் பார்த்தால் போதும். நம் ஆபரேட்டர் ரொம்பக் கெட்டிக்காரர், தினமும் நண்பகலில் ஊதினார். அதைக் கேட்டதும் குவார்ட்டர்ஸில் மனைவி தட்டு எடுத்து வைப்பாள், கொக்கு தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு சாப்பிட வருவான். வீட்டில் அதற்குச் சாப்பாட்டுச் சங்கு என்றே பெயர். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

அன்று மேலே மலையில் பேய்மழை, கீழே சுள்ளென்று வெயில். சரியாக நண்பகலில், உடனே திறக்கச் சொல்லி இன்ஜினீயர் போனில் கத்தினார். ஆபரேட்டர் சங்கை ஊதினார். விடுமுறை இல்லாததால் பாறையில் தனியாக நின்ற கொக்கு அண்ணாந்து பார்த்து, வயிற்றைத் தடவிக் காட்டிச் சிரித்தான். மறுபடி ஊதினார். இதோ வருகிறேன் என்று கையாட்டிவிட்டு அவன் நிதானமாக நூலைச் சுற்றினான். ஓடு, ஓடு என்று இவர் தொண்டை கிழியக் கத்தியது அங்கே எட்டவில்லை.

"சார், கீழ ஆள் இருக்கு சார்."

"சங்கு ஊதினியா?"

"ரெண்டு தடவை ஊதிட்டேன்."

"அப்புறம் என்னய்யா? அணை உடைஞ்சா ஊரே போயிடும். திற!"

ஊர் போய்விடும் என்பது பொய்யில்லை. மூன்றாவது முறையும் ஊதிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். கொக்கு கடைசியில் ஓடத்தான் செய்தான். தண்ணீர் அவனைவிட வேகமாக ஓடியது.

விதிப்படியே நடந்தார் என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள். காரியமெல்லாம் ஆன பிறகு மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அவ்வளவு மேலேருந்து பார்த்தா முகம் தெரியாது இல்ல? யாரோன்னு நினைச்சுத்தானே திறந்தீங்க?"

ஒரு பொய்யைக் கையில் கொடுத்து, இதைச் சொல்லிவிடுங்கள் என்று அவள் கெஞ்சினாள். பாவி மனிதருக்கு அன்று பார்த்துப் பொய் வாயில் வரவில்லை.

"இல்ல. அவனைப் பார்த்துக்கிட்டேதான் திறந்தேன்."

அவள் எழுந்துபோய்த் தன் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.