நன்றிப் பக்கம்

“முன்ரூம் எனக்கு. அதுல பேச்சே கிடையாது” என்று பெரியவன் கத்தினான்.

“முன்பணம் கட்டறப்போ மூணு லட்சம் யார் பையிலேர்ந்து போச்சுன்னு உங்கம்மாவைக் கேளு. அப்புறம் முன்ரூம் பின்ரூம் பேசலாம்” என்று சித்தப்பா அதற்கு மேல் ஒரு படி ஏறிக் கத்தினார்.

இருவருக்கும் நடுவே, வாடகைக் குளிர்பெட்டிக்குள், வீட்டுக்குச் சொந்தக்காரர் எந்தக் கட்சியிலும் சேராமல் படுத்திருந்தார். சொந்தக்காரர் என்றால், பாங்குக்குப் போக மிச்சமிருந்ததற்குச் சொந்தக்காரர். இருபது வருஷக் கடனில் பதினாலு வருஷம் முடிந்திருந்தது.

பெட்டி வேறு ஆடியது. ஹாலில் டைல்ஸ் போடும்போது கடைசி மூலைக்குப் பணம் போதவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டது, வெறும் சிமென்டாகவே நின்றுவிட்டது. பெட்டியின் நான்கு கால்களில் மூன்று டைல்ஸ் மேல், ஒன்று சிமென்டில், ஒரு விரல் பள்ளத்தில். மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் பெட்டி கடகடவென்று நடுங்கும். துக்கம் கேட்க வந்தவர்கள் முதல் தடவை திடுக்கிட்டார்கள். இரண்டாவது தடவை பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

சின்னவள் சுவரை ஒட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நீளமான ஒரு நோட்டு, அதன் மேல் துப்பட்டா. காலையிலிருந்து அதைக் கீழே வைக்கவில்லை. ஏதோ பிரார்த்தனைப் புத்தகம் என்று நினைத்து இரண்டு பேர் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள்.

அது பிரார்த்தனைப் புத்தகம் இல்லை. அதைப் பற்றித் தெருவில் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

லிஃப்ட்காரர், அதாவது பெட்டிக்குள் இருப்பவர், ஒரு கம்பெனியில் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். வீட்டுக்கடன் வாங்கின வருஷம் எங்கேயோ ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு வந்தார். சிக்கனமாக இருப்பவன் முகம் சுண்டிப்போகக் கூடாது, இருப்பதற்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தால் இல்லாதது உறுத்தாது என்று யாரோ பேசியிருக்கிறார்கள். கேட்டவர்கள் எல்லோரும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவர் போகிற வழியில் நோட்டு வாங்கினார். தீரத் தீரப் புதிது வாங்கி, சின்னவள் மடியில் இருந்தது நாலாவது. இடது பக்கம் செலவு, வலது பக்கம் நன்றி. சாப்பிட உட்கார்ந்தால் ஆளுக்கு ஒரு நன்றி சொன்ன பிறகுதான் தட்டில் கை வைக்கலாம். எழுதுகிற வேலை சின்னவளுக்கு. அப்போது அவளுக்குப் பத்து வயது, கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

லிஃப்ட்காரரின் மனைவி மட்டும் வளைந்து கொடுக்கவில்லை. அவளுடைய முறை வந்தால், “நேத்து சொன்னதேதான்” என்பாள். பதினாலு வருஷமும் அதையேதான் சொன்னாள். முதல் நாள் என்ன சொன்னாள் என்று யாருக்கும் நினைவில்லை.

இதுவாவது பரவாயில்லை. மாதம் பிறந்தால் வெட்டு நாள். ஆளுக்கு ஒரு செலவைக் காட்டி, இது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஏன் வேண்டாமோ அதற்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். வெட்டின காசு அப்படியே கடனில் கூடுதலாகப் போய் விழும். டி.வி. இணைப்பு வெட்டுப்பட்ட மாதம், பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் டி.வி. சத்தத்துக்கு நன்றி என்று எழுதினார்கள். அதை லிஃப்ட்காரர் நேரில் போய்ச் சொல்லவும் செய்தார். அன்றிலிருந்து தையல்காரம்மா சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டாள்.

நேற்றுப் பகல் ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். மோட்டார் மொட்டைமாடியில். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் லிஃப்டைப் பார்க்கப் போகிறவர் படியேறித்தானே போக வேண்டும்? கருவிப் பையோடு நாலாவது மாடி வரை ஏறினார். அங்கே படியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். பையை மட்டும் மடியிலிருந்து விடவில்லை என்று காவலாளி சொன்னான்.

போன வாரம் அவர் சொன்ன நன்றியைச் சின்னவள்தான் எழுதினாள். ‘மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உட்காரப் படி இருக்கிறது. நன்றி.’ எழுதும்போது சிரித்தாள்கூட.

சண்டை இப்போது மாடிக்கு ஏறியிருந்தது. மேலே ஒரு தளம் எழுப்பி வாடகைக்கு விட்டால் வருவதில் தனக்குப் பாதி என்றார் சித்தப்பா. முதலில் இவர் போன வருஷம் வாங்கின கைமாற்றைத் திருப்பிக் கொடுக்கட்டும் என்றான் பெரியவன். பார்சல் வேன் ஓட்டுகிறவன். குரல் எப்போதுமே தெருமுனை வரை போகும். சித்தப்பா கோர்ட்டில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். அடித்த சட்டமெல்லாம் மண்டையில் ஏறிவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு.

வீடு பாங்கிடம் இருக்கும்போது இவ்வளவு அடிதடி எதற்கு என்று வெளியாள் கேட்கலாம். காரணம் இருந்தது. கடன் வாங்கும்போதே அதற்கு ஒரு இன்ஷூரன்ஸ் போட்டிருந்தார்கள். வாங்கினவர் இறந்துவிட்டால் மிச்சக் கடனை இன்ஷூரன்ஸ் கட்டிவிடும்; வீடு அன்றைக்கே குடும்பத்துக்கு. ஆகவே லிஃப்ட்காரர் நேற்று நாலாவது மாடியில் ஆறு வருஷக் கடனை ஒரே மூச்சில் அடைத்துவிட்டார் என்பதுதான் கூடியிருந்தவர்களின் கணக்கு. வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. ஆனால் வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், அப்புறம்தான் பெட்டியைப் பார்த்தார்கள்.

சின்னவளுக்கு மட்டும் வேறு கணக்கு தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வெட்டு நாளில் அவளுடைய கம்ப்யூட்டர் வகுப்புப் பணம் மாட்டிக்கொண்டது. பெரியவன்தான் அதைக் காட்டிவிட்டு, வேன் லோடுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனான்; அம்மா மட்டும் பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா பேனாவைத் திறந்துவிட்டார். வகுப்பில் இன்னும் இரண்டு மாதம் பாக்கி. முடித்தால் மூக்குக்கண்ணாடிக் கடையில் கவுண்டர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் அவசரமாக இடது பக்கத்தில் விரலை ஓட்டி, வேறு ஒரு வரியில் நிறுத்தினாள்.

“இது எதுக்குப்பா? உங்களுக்கு ஒரு ஜுரம்கூட வந்ததில்ல.”

அப்பா அந்த வரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. இவ்வளவு பெரிய தொகை இத்தனை வருஷமாக வெட்டுப்படாமல் உட்கார்ந்திருக்கிறதே என்றார். என் பெண்ணுக்குத்தான் மூளை என்று மறுநாள் தெருவெல்லாம் சொன்னார். எந்த வரி என்று மட்டும் சொல்லவில்லை, வீட்டுக் கணக்கு வெளியே போகக் கூடாது. அன்றைக்கு வலது பக்கத்தில் அச்சுக் கையெழுத்தில் இப்படி இருந்தது. ‘இன்ஷூரன்ஸ் வேண்டாம். சின்னவள் சொன்னது. எனக்கு நோய்நொடி இல்லை. அதற்கு நன்றி.’

வகுப்பும் முடிந்தது, வேலையும் கிடைத்தது. முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். அது இப்போது பெட்டிக்குள் அவர் சட்டைப் பையில் இருந்தது. யாரோ போட்டுவிட்டு, மறுபடி கழற்றி அங்கே சொருகியிருந்தார்கள்.

வண்டி மூன்று மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். இரண்டே கால் ஆனபோது சித்தப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. வாய்ச்சண்டை எதற்கு, இன்ஷூரன்ஸ் பத்திரத்தைப் பார்த்தால் யார் பெயர் இருக்கிறது என்று தெரிந்துவிடுமே. பெரியவனும் முதல் தடவையாக அவரோடு ஒத்துப்போனான். அலமாரியைத் திறந்து தகரப்பெட்டியைக் கொண்டுவந்து, குளிர்பெட்டியின் கண்ணாடி மூடி மேலேயே வைத்துக் கிளறினான். அப்பாவின் முகம் காகிதங்களுக்கு அடியில் மறைந்தது. அம்மா எழுந்து தகரப்பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

பத்திரம் கிடைத்தது. அதற்குப் பின்னால் வருஷவாரியாக ரசீதுகள். சித்தப்பா விரலில் எச்சில் தொட்டு எண்ணினார். பதினொன்றோடு நின்றது. மறுபடி எண்ணினார்.

“மூணு ரசீது குறையுதே. நீதானே கணக்கெல்லாம் எழுதுவ? எங்கம்மா வச்ச?”

பெட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. சின்னவள் அது நிற்கட்டும் என்று காத்திருந்தாள்.

“குறையல சித்தப்பா. கட்டல. மூணு வருஷமா கட்டல.”

வாசல் நாற்காலிகளில் இருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஜன்னலில் தையல் மிஷின் சத்தம் முன்னமே நின்றிருந்தது. தையல்காரம்மா பிறகு தெருவில் சொன்னதில் பாதியைத் தள்ளினாலும், அந்த நேரத்தில் சித்தப்பா காகிதங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினார் என்பது உண்மை. கோர்ட்டில் பழகின கை.

“அப்ப கடன்?” என்றான் பெரியவன். அவன் குரல் அவ்வளவு மெதுவாக வரும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

“இருக்கு. ஆறு வருஷமும் இருக்கு.”

“யார் நிறுத்தச் சொன்னது? அப்பாவுக்குத் தானா இது தோணாது. வரிவரியா எழுதி வைக்கிற மனுஷன். யாரோ சொல்லியிருக்காங்க. அந்த நோட்டு எங்க?”

சின்னவளின் கை துப்பட்டாவுக்கு அடியில் அட்டையை இறுக்கியது. வாயைத் திறந்தாள். சொல்வதற்குத்தான் திறந்தாள் என்று இப்போதும் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள்.

“நான்தான்” என்றாள் அம்மா.

இரண்டு நாளாக அவள் பேசின முதல் வார்த்தை.

“நான்தான் சொன்னேன். கேஸ் சிலிண்டருக்கே காசு இல்லாதப்போ இது எதுக்குன்னு கேட்டேன். அவர் வேண்டாம்னாரு. நான்தான் பிடிவாதமா இருந்தேன்.”

பதினாலு வருஷத்தில் அவள் எந்த வெட்டு நாளிலும் வாயைத் திறந்ததில்லை. அது பெரியவனுக்கும் தெரியும். ஆனால் கோபத்துக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டால் மனிதர்கள் கணக்கு பார்ப்பதில்லை. அவன் அம்மாவைப் பார்த்துச் சொன்னதை எல்லாம் இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது? கடைசியாகச் சொன்னது மட்டும் தெருவில் நிலைத்துவிட்டது.

“அவரை நீதான் கொன்ன, வீட்டையும் நீதான் வித்த. திருப்திதானே?”

மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது, பெட்டி நடுங்கியது. அம்மா எழுந்து சின்னவளிடம் வந்தாள். துப்பட்டாவை விலக்கி நோட்டை எடுத்தாள். பெட்டியின் அந்த மூலையை இடுப்பால் முட்டுக்கொடுத்து ஒரு விரல் தூக்கி, பள்ளத்தில் இருந்த காலுக்கு அடியில் நோட்டைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தாள்.

பெட்டி அசையாமல் நின்றது. அதுவரை இருந்த சத்தம் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

நோட்டு எங்கே என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. வண்டி மூன்றே காலுக்கு வந்தது.

ஐந்தாம் மாதம் வீடு கைமாறியது. பாங்குக்குப் போக மிஞ்சியதில் சித்தப்பா தன் மூணு லட்சத்தை எண்ணி வாங்கிக்கொண்டு மகள் இருக்கும் ஊரோடு போய்விட்டார். வாங்கினவர்கள் முதல் வேலையாக அந்த மூலைக்கு டைல்ஸ் போட்டார்கள். நிறம் கொஞ்சம் ஒத்துவரவில்லை. பெரியவன் வேனை விற்றுவிட்டுத் தொலைவில் ஒரு துறைமுக ஊருக்குப் போனான். அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். தகவல் சித்தப்பா மூலமாக வந்தது, அம்மாவுக்கு அழைப்பு வரவில்லை. ஒரு பெண் குழந்தை என்று தையல்காரம்மா எப்படியோ தெரிந்து வந்து சொன்னாள்.

சின்னவள் கடையில் லென்ஸ் தேய்க்கிறவரைக் கட்டிக்கொண்டாள். இரண்டு அறை வாடகை வீடு. அம்மா அவர்களோடுதான் இருக்கிறாள். அண்ணனுடைய எண் சின்னவளின் போனில் இருக்கிறது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நாலு வருஷம் ஆகிறது.

பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களை வீணாக்க மனமில்லாமல் அம்மா இப்போது வீட்டுச் செலவு எழுதுகிறாள். அட்டையில் பெட்டிக் கால் பதிந்த இடத்தில் நாணயம் அளவுக்கு வட்டமாக ஒரு பள்ளம். சாயங்காலம் சின்னவள் வேலை முடிந்து வந்ததும் அன்றைய கணக்கைக் கேட்டு எடுத்துப் பார்ப்பாள். இடது பக்கங்களில் பால், வாடகை, கரன்ட். வலது பக்கங்களில் ஒன்றும் இல்லை. தப்பு இருக்கிறதா என்று பார்ப்பது போல அதையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடி வைப்பாள்.