ஏரி வழி

அண்ணனின் பாடைக்கு மூங்கில் வாங்கும்போதும் மணவாளனுக்குப் பேரம் பேசத்தான் வாய் வந்தது.

"எம்மெல்லே ஆச்சேன்னு கொறைச்சிதான் சொன்னேன் நைனா" என்றான் மூங்கில்காரன்.

"முன்னாள்தானே, இன்னும் கொற" என்று சொன்ன பிறகுதான் மணவாளன் நாக்கைக் கடித்துக்கொண்டான். கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவன். எமன் வந்து நின்றால்கூடக் கயிறு என்ன விலை என்று விசாரிப்பான்.

மூங்கிலோடு அவன் சொந்த ஊரான ஈச்சமேட்டுக்கு வந்தபோது அண்ணன் தணிகாசலத்தைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கட்சிக்காரர் அருணகிரி உடம்பின் மேல் கொடியைப் போர்த்தி, சுருக்கம் எடுத்துக்கொண்டிருந்தார். எதிரே டீக்கடையில் ஊரே நின்றது. வாசலுக்கு ஒருவரும் வரவில்லை.

ஈச்சமேட்டில் சாவு விழுந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் தோள் கொடுக்க வரவேண்டும். அந்த முறையை வைத்தே அரசியல் செய்தவர் தணிகாசலம். கல்யாணத்தில் பார்த்த முகம் பந்தியோடு மறந்துபோகும், சாவில் பார்த்த முகம் ஓட்டுப் பெட்டி வரைக்கும் வரும் என்பார். அறுபத்திரண்டு தேர்தலில் சைக்கிளில் போய் ஜெயித்தார். அறுபத்தேழில் காற்றைப் பார்த்துக் கட்சி மாறி, ஜீப்பில் போய் ஜெயித்தார். தொகுதியில் அவர் தூக்காத பாடை இல்லை.

அப்படிப்பட்டவர்தான் தொழிற்பேட்டைக்கு நிலம் அளக்க வந்தவர்களோடு வெயிலில் நடந்து, இது கோயில், விடுங்கள், இது கிணறு, விடுங்கள் என்று ஒவ்வொன்றாகக் கை காட்டினார். சுடுகாட்டைக் காட்ட மறந்துபோனார். கம்பெனிச் சுவர் எழும்பியபோது அது உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு ஊர்ப் பிணங்கள் ஏரியில் இறங்கி அக்கரைப் புறம்போக்குக்குப் போயின. எழுபத்தொன்றில் அவர் தோற்றார். தோற்ற பிறகும் எல்லாச் சாவுக்கும் போனார். மாலை போட விட்டார்கள். பாடையைத் தொட விடவில்லை.

"கவலய உடு மணவாளா" என்றார் அருணகிரி. "கம்பெனியில பேசிட்டேன். அண்ணனுக்குன்னா கேட்டத் தெறந்து உடறாங்களாம். வேன் வருது. பழைய சுடுகாட்டுலயே வெச்சிடலாம். எவன் தோளும் வாணாம்."

மணவாளனுக்கு அது கைக்கு வந்த சரக்காகப் பட்டது. நேரே டீக்கடைக்குப் போய், ஊர்க்காரர்களுக்கு முன்னால் நின்ற தேசப்பனைப் பிடித்தான்.

"தேசப்பா, கம்பெனி கேட்டத் தெறக்கறாங்க. ஊரும் கூட வந்துச்சின்னா உள்ள பூந்துக்கலாம். இன்னிக்கு ஒரு தபா தெறந்தா, நாளைக்கும் தெறன்னு கேக்க வாய் இருக்கும்."

தேசப்பன் கிளாசைக் கீழே வைக்கவில்லை. "எங்கம்மாவுக்குத் தெறந்தாங்களா?"

"அது ஆயிப்போன கதடா."

"மார் அளவு தண்ணி. பாடைய எறக்காம போய்ச் சேர்ந்தது எம்பாடு. உங்கண்ணன் கரையோரமா நடந்து வந்தாரு. அடுத்த தபா ஜெயிக்க வெச்சா தெறந்து உடறேன் தேசப்பான்னாரு."

தேசப்பன் மீதி டீயைக் கீழே ஊற்றினான்.

"இன்னிக்கு அவருக்குத் தெறந்தா அவருக்குத்தான் தெறக்கும்ணா. போய் வெச்சிட்டு வாங்க. நாங்க இன்னா தடுக்கவா போறோம்."

தணிகாசலத்தின் மனைவி கனகாம்பாள், கொழுந்தன் திரும்பி வந்ததும் கேட்டாள்: "இன்னா சொன்னான் தேசப்பன்?"

மணவாளன் சொன்னான். எதையும் குறைக்கவில்லை.

அவள் எழுந்து கணவன் மேலிருந்த கொடியை எடுத்து மடித்து அருணகிரியின் கையில் கொடுத்தாள். "ஏரி வழியா தூக்குங்க தம்பி" என்றாள் மணவாளனிடம்.

"அண்ணி, ரெண்டு நாளா மழ. தூக்க ஆளும் இல்ல."

"உன் கடையில மூட்ட தூக்கறவங்க ரெண்டு பேரு இருக்காங்க. என் தம்பி இருக்கான். நீ இருக்கற."

"ஊரு வரலன்னா?"

"வரலன்னா வரல."

உள்ளே போய் ஒரு வெள்ளைத் துண்டைக் கொண்டுவந்தாள். "ஒவ்வொரு சாவுக்கும் இத தோள்ல போட்டுக்கினு போவாரு, எவனாவது தோள் மாத்தக் கூப்புடுவான்னு. மடிப்பு கலையாம திரும்பி வரும். நீ போட்டுக்க."

கம்பெனி கேட் திறந்துதான் இருந்தது. காவல்காரன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். வேனில் உட்கார்ந்திருந்த அருணகிரியின் வேட்டி வெள்ளை வெளேர் என்றிருந்தது. நான்கு பேரும் உள்ளே திரும்பாமல், பாடையோடு கேட்டைக் கடந்துபோய் ஏரியில் இறங்கினார்கள்.

கரையில் டீக்கடைக் கூட்டம் வரிசையாக வந்து நின்றது. முழங்கால், தொடை, இடுப்பு என்று தண்ணீர் ஏறியது. சேற்றில் எந்தப் பக்கம் கால் வைப்பது என்று முன்னால் போன மணவாளனுக்குத் தெரியவில்லை. வழுக்கினான். பாடை சாய்ந்தது. தோளிலிருந்த துண்டு நழுவித் தண்ணீரில் போயிற்று.

பின்னால் யாரோ தண்ணீரில் இறங்குகிற சத்தம் கேட்டது.

தேசப்பன் கையில் கழியோடு பக்கவாட்டில் வந்தான். பாடையைத் தொடவில்லை. அவர்களைத் தாண்டி முன்னால் போய் நின்று கழியால் தரையைக் குத்திப் பார்த்தான்.

"அங்க பள்ளம். எடது பக்கமா வா."

மணவாளன் மறுபேச்சில்லாமல் இடது பக்கம் போனான்.

மிதந்துகொண்டிருந்த துண்டைத் தேசப்பன் கழியால் இழுத்தான். இரு கையாலும் பிழிந்தான். தன் தோளில் போட்டுக்கொண்டான்.

"மெதுவா" என்றான், திரும்பாமல். "இங்க கல்லு இருக்குது."