குளிரறைக் கணினியின் குரல்

மீன் வைக்கும் குளிரறைக்குக் காவல், பக்கத்து இயந்திர அறையில் இருந்த ஒரு கிழட்டுக் கணினி. உள்ளே குளிரூட்டும் அம்மோனியா நச்சுவாயு கசிந்தால் அது மூன்று முறை கத்தும், சற்று நிறுத்தும், மறுபடி கத்தும். கத்தும் என்று முதலாளிதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் இருந்த ஸ்பீக்கர் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. கம்ப்ரஸர் ஓடும் இரைச்சலில் அது யார் காதில் விழும்? திரையும் போன வாரமே கண்ணை மூடிவிட்டது. "அதான் சத்தம் வருமே" என்று கையை விரித்துவிட்டார் அந்த மகராசன்.

இயந்திர அறை ஆபரேட்டருக்கு அன்றிலிருந்து நிம்மதியே இல்லை. குளிரறையில் பெட்டி அடுக்குபவன் அவள் கொழுந்தன். கெஞ்சிக் கூத்தாடி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவளே. பொறுக்க முடியாமல் இன்று வீட்டுப் பழைய ரேடியோவின் ஸ்பீக்கரை மரப்பெட்டியோடு தூக்கி வந்துவிட்டாள்.

"என்ன அண்ணி, பாட்டுக் கச்சேரியா?" என்றான் கொழுந்தன், மூக்கை உறிஞ்சியபடி. இரண்டு நாளாக ஜலதோஷம், ஒரு வாசனையும் தெரியவில்லை. "மொதல்ல இங்க கத்துற சில்வண்டப் பிடிங்க. காலைலேருந்து உயிர வாங்குது."

கம்ப்ரஸர் ஓயும்போதெல்லாம் அவளுக்கும் அது கேட்டது.

"சில்வண்ட நான் பாத்துக்கறேன். நீ போய் வேலையப் பாரு" என்று விரட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கணினியை நிறுத்தினால் காவல் போய்விடும். அதனால் ஓடும்போதே மூடியைக் கழற்றினாள். கம்ப்ரஸர் ஓய்ந்த நேரம் பார்த்து, குட்டி ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினாள். சில்வண்டும் வாயை மூடிக்கொண்டது. சனியன் தொலைந்தது என்று நினைத்தாள்.

ரேடியோ ஸ்பீக்கரின் ஒயரைச் செருகியதுதான் தாமதம், மரப்பெட்டி அலறியது. அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. எதையோ மாற்றிச் செருகிவிட்டோம், கணினி எரியப்போகிறது, வேலையும் போச்சு! பிடுங்கக் கையை நீட்டினாள்.

மூன்று அலறல். ஓர் இடைவெளி. மறுபடி மூன்று.

நீட்டிய கை அப்படியே நின்றது. சில்வண்டும் இப்படித்தான் கத்தியது. ஒயரைப் பிடுங்கிய நொடியில்தான் அது நின்றது.

சுவரில் தொங்கிய முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடினாள். கடவுளே, அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. குளிரறையின் பின்வரிசையில் அவன் ஒரு பெட்டிமேல் கவிழ்ந்து, மூச்சு வாங்க முடியாமல் இருமிக்கொண்டிருந்தான்.

"எழுந்திருடா! வாடா வெளிய!" ஒருநாளும் அவனை டா போட்டுக் கூப்பிடாதவள், காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தாள்.

வெளியே வெயிலில் கிடத்தினாள். கண்ணும் மூக்கும் ஒழுக வெகுநேரம் இருமினான். பிறகுதான் பேச்சு வந்தது.

"சில்வண்டப் பிடிச்சிட்டீங்களா, அண்ணி?"

காலையிலிருந்து அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அதைக் காதில் வாங்கிக்கொண்டே அவனை உள்ளே அனுப்பியவள் அவள். மரப்பெட்டி இன்னும் மூன்று மூன்றாய் அலறிக்கொண்டிருந்தது. அவள் அவன் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள்.